ஆம்பற்கரைப் பள்ளியின் ஏழாம் இடம்

நலம் பெருகுக. ஏரிகள் நிறைக. எழுத்தாணி பிடித்த கைகள் சோராதிருக்க.

மலைச்சரிவு முதல் உப்பங்கழி வரை பரந்து கிடக்கும் வெண்ணாவல் நாடு முழுவதையும் நாவற்கோட்டையில் வீற்றிருந்து காத்தருளும் அரசி வானவல்லி நாச்சியாரின் பதினாறாம் ஆட்சியாண்டில், கார்த்திகை ஐந்தாம் நாள், அரசியின் கல்விச்சாலைகளுக்குக் கண்காணிநாயகமாகிய பூதன் காரி, ஆம்பற்கரை ஏரியின் வடகரையில் பழைய யானைக்கொட்டிலில் நடைபெறும் அரசிப் பள்ளியின் ஆசிரியத் தலைவியும், எண்பத்துநான்கு பிள்ளைகளுக்கும் ஐந்து ஆசிரியர்களுக்கும் மூத்தவருமாகிய சாத்தி நங்கையார்க்கு விடுக்கும் ஓலை.

உமக்கும் உம் பள்ளிக்கும், அதன் பன்னிரண்டு வரிசைகளுக்கும், சோறாக்கும் பெண்டிர்க்கும், தூண்களில் கூடு கட்டியிருக்கும் குருவிகளுக்கும் அரசியின் வாழ்த்து உரியதாகுக. ஆம்பற்கரையின் படகுத்துறையும் வயல்களும் குறைவின்றி விளங்குக. உம் ஓலைகள் மூன்றும் வந்தன. மூன்றாவதோடு நீர் விடுத்த ஆம்பற்கிழங்கும் வந்தது. வழக்கம்போல் பாதி வெந்திருந்தது. முழுவதும் தின்றோம்.

ஐப்பசியில் உம் பள்ளிக்கு வந்து கலயம் வைத்து எண்ணிய கண்காணிநாயகம், எண்ணி முடித்ததும் உணவுக்கும் நில்லாமல் படகேறிப் போனது ஏன் என்று மூன்று ஓலைகளிலும் கேட்டிருந்தீர். முதல் ஓலையில் பணிவாகக் கேட்டீர். இரண்டாவதில் சினந்து கேட்டீர். மூன்றாவதில், உம்மைத் தலைமையிலிருந்து விலக்கப் போகிறார்களா என்ற ஒரே வரிதான் இருந்தது. அந்த வரிக்கே இவ்வோலை விடை. நேற்று அவையில் பேசப்பட்டது அதுதான். முடிவை இப்போதே எழுதினால் மிச்சத்தை நீர் வாசிக்க மாட்டீர் என்பது எமக்குத் தெரியும். ஆகவே நடந்தது நடந்தபடி வரும். பொறுத்து வாசிக்க.

இதற்குமேல் 'நீர்', 'உமக்கு' என்று எழுத விரல் வரவில்லை, சாத்தி. இந்த ஓலையை அவையேட்டில் படியெடுக்கும் கரணத்தான் இந்த இடத்தைக் கண்டு முகம் சுளிப்பான். சுளிக்கட்டும்.

இந்த அளவை எதற்கு என்று முதலில் சொல்கிறேன். எனக்கு முன் இருந்த கண்காணிகள் பள்ளிக்குப் போனார்கள், ஆசிரியர்களோடு அமர்ந்து விருந்துண்டார்கள், பள்ளி நன்று என்று எழுதி வந்தார்கள். வெண்ணாவல் நாட்டின் நாற்பது பள்ளிகளும் இருபது ஆண்டுகளாக நன்றாகவே இருந்தன. ஒரு பிள்ளையிடமும் யாரும் கேட்கவில்லை. அரசி பட்டமேறிய பின், பள்ளிக்குள் வீசும் காற்று எப்படிப்பட்டது என்று இரு தரப்பையும் கேட்டு அளக்க வழி சொல் என்றார். ஒவ்வொரு பள்ளிக்கும் பத்துக் கலயங்கள் என்று நான் வகுத்தேன். செம்மண் பூசிய ஐந்தும் பிள்ளைகளுக்கு, சுண்ணம் பூசிய ஐந்தும் ஆசிரியர்களுக்கு. கேள்வி ஐந்து. திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போக வேண்டும். ஆம் என்றால் புளியங்கொட்டை, இல்லை என்றால் வேப்பங்கொட்டை. யார் எதைப் போட்டார் என்று எவரும் காண மாட்டார்.

அதோடு ஒரு விதியையும் எழுதினேன். ஏதேனும் ஒரு கேள்வியில் சிவப்புக் கலயமும் வெள்ளைக் கலயமும் பாதிக்குமேல் முரண்பட்டால், அந்தப் பள்ளி பொய் சொல்கிறது. அதன் தலைமை நீக்கப்பட்டு, பிள்ளைகள் அடுத்த பள்ளியோடு சேர்க்கப்படுவர். எழுதியவன் நான்தான். இருவர் சொல் வேறுபட்டால் ஒருவர் பொய்யர் என்று பதினோராண்டு கோட்டையின் வடக்கு வாயிலில் இராக்காவல் இருந்தவனுக்குத் தோன்றியது. வாயிலில் அது சரி. பள்ளிக்கு அது போதாது என்று உன் பள்ளியில்தான் கற்றேன்.

உன் கலயங்களுக்கு வருகிறேன். முதற் கேள்வி, இங்கே அடிக்கும் ஏச்சுக்கும் அஞ்சாமல் இருக்க முடிகிறதா என்பது. இரு நிறத்திலும் அநேகமாக முழுதும் புளியங்கொட்டை. திரையிலிருந்து வெளியே வந்த ஒரு சிறுமி, யாரும் கேளாமலே என்னிடம் சொன்னதைச் சொன்னபடியே பதிக்கிறேன். திருத்தினால் அரசிக்குப் பொய் சொன்னவனாவேன்.

"தலைவியக்காவுக்குக் கோவம் வந்தா மூக்கு செவக்கும். அவ்ளோதான். அதுக்கு எதுக்கு இத்தன பானை?"

அந்த மூக்கைப் பற்றி நாற்பது பள்ளிகளில் வேறு எங்கும் இப்படி ஒரு சான்று கிடைக்கவில்லை.

இரண்டாவது, தெரியாததைத் தெரியாது என்று இங்கே சொல்லலாமா என்பது. பிள்ளைகள் சொல்லலாம் என்றனர். வெள்ளைக் கலயத்தில் ஆறில் ஒன்று வேப்பங்கொட்டை. உன் ஆசிரியர்களில் ஒருவருக்குத் தனக்குத் தெரியாததைச் சொல்ல அச்சம் இருக்கிறது. அது யார் என்று நான் தேடவில்லை. நீயும் தேடாதே. அந்த அச்சம் போகுமாறு அறுவரும் இருக்கும்போது நீயே ஒரு நாள், உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடு. உனக்கு அது கடினம் என்று அறிவேன். மூன்றாவதும் நான்காவதும் குறையின்றி ஒத்தன. சண்டை வந்தால் விலக்க ஆள் உண்டு, ஏழைப் பிள்ளைக்கும் துறைத்தலைவர் பிள்ளைக்கும் ஒரே சோறு. இவ்வளவு நல்ல நான்கு கலயங்களை நான் வேறெங்கும் எண்ணவில்லை. இதை அவையிலும் சொன்னேன்.

ஐந்தாவது கேள்வி இது: நீ ஒரு நாள் வராவிட்டால் இங்கே யாரேனும் உன்னைத் தேடுவார்களா? ஆசிரியர்க்கு அதே கேள்வி: ஒரு பிள்ளை வராவிட்டால் தேடுகிறீர்களா?

வெள்ளைக் கலயத்தில் ஆறும் புளியங்கொட்டை. சிவப்புக் கலயத்தில் புளியங்கொட்டை பதின்மூன்று. வேப்பங்கொட்டை எழுபது.

கூட்டிப் பார். எண்பத்துமூன்று.

அன்று காலை நீயே எனக்குக் காட்டிய வருகை ஓலையில் எண்பத்துநான்கு இருந்தது. பன்னிரண்டு வரிசைத்தலைவரும் ஒவ்வொருவராக எழுந்து, "எழுவரும் உள்ளோம்" என்று கணீரென்று சொன்னதை நானும் மேடையருகே நின்று கேட்டேன். உன் முகத்தில் அப்போது இருந்த பெருமையையும் பார்த்தேன். ஒரு பிள்ளை கொட்டையைப் போடாமல் விட்டிருக்கும் என்றார் உன் கணக்காசிரியர் ஆதனார். வறுத்துத் தின்ன மடியில் கட்டியிருக்கும் என்றார் சோறாக்கும் அம்மை. ஆனால் ஐந்து சிவப்புக் கலயங்களிலும் எண்பத்துமூன்றே இருந்தன. ஐந்து முறையும் அதே ஒன்று குறைந்தால், குறைந்தது கொட்டை அன்று.

நீ விருந்துக்கு இலை போடச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் வரிசைகளை வெளியே நடத்திச் சென்று எண்ணினேன். ஒன்பதாம் வரிசையில் ஆறு பேர் இருந்தனர்.

அவர்களை ஏரிக்கரையில் அமர்த்திக் கேட்டேன். பெயர் எழுத மாட்டேன். வாசித்தவுடன் யார் என்று நீ கண்டுகொள்வாய். கண்டுகொண்டாலும் கேட்காதே, ஏசாதே. இது வேண்டுகோள் அன்று, ஆணை.

வரிசைத்தலைவன் முதலில், ஏழாவது பிள்ளை ஏரிப்பக்கம் போயிருக்கிறாள் என்றான். எப்போது போனாள் என்றேன். அவனுக்குப் பின்னால் இருந்தவன் சொன்னான்.

"பொரட்டாசில போனா, ஐயா."

தலைவன் அவனை முழங்கையால் இடித்தான். இடிபட்டவன் விடவில்லை.

"என்னடா இடிக்கிற? அவரு எண்ணிட்டாருடா. காவலய்யா கண்ணுல மண்ணத் தூவ முடியுமா?"

அதன்பின் தலைவன் அழுதுகொண்டே சொன்னது இது. "ஆறுன்னு சொன்னா எங்க வரிசைக்கே மானக்கேடுங்க ஐயா. எங்களால பள்ளிக்கூடத்துக்கு அரண்மன குடுத்த மணி போயிடும். அதுவுமில்லாம, வரலேன்னு சொன்னா அவ பேர அடிச்சிருவாங்க. பேரு இருந்தா என்னைக்காவது வருவா இல்ல? அதான் தெனமும் எழுவர்னே சொல்றோம். அவ ஓலையக்கூட நாங்கதான் மாத்தி மாத்தி எழுதறோம்."

அந்த ஓலைகளை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்துமூன்று நாள்; ஆறு வகைக் கையெழுத்து. கடைசி ஓலையில் ஆதனார் தம் கையால், கணக்கில் நல்ல முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறார். உன் பள்ளியில் இல்லாத ஒரு பிள்ளை, இருக்கிற பிள்ளைகளைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறாள் சாத்தி. சிரிக்க வேண்டிய இடம்தான். நானும் சிரித்தேன். பிறகு உணவுக்கு நில்லாமல் படகேறினேன்.

அவள் பெயர் சேந்தி. வயது பத்து. தந்தை வாத்துக்காரர். குறுவை அறுத்த வயல்களில் வாத்துகளை மேயவிட்டு ஊர் ஊராகப் போகிறவர். இவ்வாண்டு அவரோடு மேய்க்கும் அவர் தம்பி கால் முறிந்து படுத்ததால், மகளைக் கூட அழைத்துக்கொண்டார். தென்கரைக்கு அப்பால் அறுத்த தாளுக்கிடையில், கையில் நீண்ட மூங்கிற்கழியோடு அவளைக் கண்டேன். நானூறு வாத்துகள். என் தலைப்பாகையைக் கண்டதும் அவள் கழியை ஊன்றி நின்றாள்.

"வரி வாங்க வந்திங்களா? வாத்துக்கு வரி கெடையாது ஐயா. எங்கப்பா சொல்லியிருக்காரு."

பள்ளியிலிருந்து வருகிறேன் என்றேன்.

"நான் வரலேன்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை என்றேன். நீ ஒரு நாளும் தவறாமல் வந்திருப்பதாகவே ஓலையில் இருக்கிறது என்றேன்.

"தெனமுமா? அப்ப நேத்து நான் என்ன படிச்சேன்?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வாத்துகள் எல்லாம் கலைந்து ஓடின. அவற்றைத் திரட்டி வந்து நின்றபோது சிரிப்பு இல்லை.

"அதான் யாரும் வரலியா" என்றாள்.

சற்று நேரம் கழியால் தாளைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "தலைவியக்கா வந்து கூப்புடுவாங்கன்னு நல்ல துணி ஒண்ணு தனியா மடிச்சு வெச்சிருந்தேன். அப்பாகிட்டகூட கேட்டுட்டேன். அக்கா வந்தா அனுப்பிருவியான்னு. வரட்டும், வந்தா எப்படி அனுப்பாம இருக்கறதுன்னு சொன்னாரு. வரலேன்னதும் நம்மள மறந்துட்டாங்கன்னு நெனச்சிட்டோம்."

நீ மறக்கவில்லை. நாள்தோறும் அவளை இருப்பதாக எழுதிக்கொண்டிருந்தாய். உன் வரிசைப் பிள்ளைகளும் மறக்கவில்லை. அவளுக்காகக் கணக்கே போட்டார்கள். இத்தனை பேர் அன்பாயிருந்ததால் ஒருவரும் அவளைத் தேடிப் போகவில்லை.

பதின்மூன்று புளியங்கொட்டைக்கும் விளக்கம் கிடைத்தது. பன்னிரண்டை வரிசைத்தலைவர்கள் போட்டிருக்க வேண்டும். தலைவன் வராவிட்டால் அந்த வரிசைக்குக் குரல் இராது. மேடையில் உடனே தெரிந்துவிடும். பதின்மூன்றாவது யாருடையது என்று தெரியாமல் விழித்தேன். படகுத்துறையில் உன் மிகச் சிறிய மாணவி ஒருத்தி தானே வந்து ஒப்புக்கொண்டாள். "நான் வரலேன்னா சோறு மிஞ்சும். சோத்தக்கா தேடும்" என்றாள். உன் பள்ளியில் தேடப்படுகிறவர்கள் தலைவர்களும், நிறையத் தின்கிறவளுமே. மற்ற எழுபது பேரும் தாம் வராமற்போனால் ஒன்றும் ஆகாது என்று அறிந்தே நாள்தோறும் வருகிறார்கள். அதையும் நினைத்துப் பார். தேட மாட்டார்கள் என்று தெரிந்தும் வருகிறார்கள். நீ நடத்தும் பள்ளி அவர்களுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

இனி அவை.

நேற்று முற்பகல், அரசியின் முன்னிலையில் கலயங்கள் கொட்டி எண்ணப்பட்டன. அவைமூத்தாராகிய வில்லவராயர் எழுந்து, ஆறு ஆசிரியரும் கூடிப் பேசி வைத்துப் பொய் உரைத்தனர் என்றும், பதினோராண்டாகக் குறையா வரிசைக்கென அரண்மனை அளித்த வெண்கல மணியை ஆம்பற்கரைப் பள்ளி ஏமாற்றியே பெற்றது என்றும், விதி எழுதப்பட்டபடியே அப்பள்ளி மூடப்பட வேண்டும் என்றும் உரைத்தார். பண்டாரத்துப் பெரியவர் எழுந்து, பிள்ளைகள் விளையாட்டுக்குக் கொட்டை போடுவர் என்றும், சிவப்புக் கலயத்தைக் கணக்கில் கொள்வதே பிழை என்றும் உரைத்தார். ஒருவர் உன்னை விலக்கச் சொன்னார். மற்றவர் பிள்ளைகளின் சொல்லையே விலக்கச் சொன்னார். அரசி என்னைப் பார்த்தார். விதியை எழுதியவர் சொல்லட்டும் என்றார்.

நான் சொன்னது இது. கலயத்துக்குள் எவரும் பொய் சொல்லவில்லை. கொட்டிலில் ஆசிரியர் மேடையில் அமர்ந்து பார்த்தேன். யானை கட்டிய தூண்கள் பருமனானவை. வரிசைகள் தூண்களுக்கு இடையே ஒருவர் பின் ஒருவராக உள்ளே நீள்கின்றன. மேடையிலிருந்து பார்த்தால் பன்னிரண்டு முகம் தெரிகிறது. ஏழாம் இடத்தில் அமர்ந்தும் பார்த்தேன். அங்கிருந்து ஆறு முதுகு தெரிகிறது. மேடையில் இருப்பவர் எல்லாரும் உள்ளனர் என்று சொன்னால் உண்மை. ஏழாம் இடத்தில் இருப்பவள் என்னை ஒருவருக்கும் தெரியாது என்று சொன்னாலும் உண்மை. இரண்டையும் ஒரே கலயத்தில் கொட்டிக் கலக்கினால் இரண்டும் கெடும். ஒன்றைப் பொய் என்று தூக்கி எறிந்தால் மிஞ்சியதும் பாதிதான். இரண்டும் எங்கே முரண்படுகின்றனவோ அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தண்டிக்கச் சொன்ன என் விதி, போய்ப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். விதி பிழை. எழுதியவன் பிழை.

வில்லவராயர் விடவில்லை. கண்காணிநாயகத்துக்கு அந்தத் தலைவி உறவோ என்று கேட்டார். அவையில் சிலர் நகைத்தனர்.

உறவு அல்ல, ஒரே வரிசை என்றேன்.

அரசி அப்போது கேட்டார்: ஏழாம் இடத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும் என்று உமக்கு எப்படித் தோன்றிற்று?

அது என் இடம் என்றேன். சொல்லிவிட்டபின் மிச்சத்தையும் சொல்லவேண்டி வந்தது. முப்பத்தோராண்டாக உன்னிடம் சொல்லாததை அவையில் இருபது பேர் முன் சொன்னேன். நீ பிறர் வாயால் கேட்குமுன் என் கையால் வாசி.

அக்காலத்தில் நம் கொட்டிலில் ஒவ்வொரு பெயராகத்தான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வயதில் என் தந்தைக்குக் கண் போனது. வடக்கு வாயிற்காவல் எங்கள் குடிக்கு உரியது. யாரேனும் ஒருவர் நிற்காவிட்டால் அது கைமாறிவிடும். நான் போனேன். நான்காம் வரிசைக்கு நீ தலைவி. பதினொரு வயது. என் பெயர் வந்தபோது நீ எழுந்து, எங்கள் வரிசையில் எழுவரும் உள்ளோம் என்று சொல்லியிருக்கிறாய். என் பெயர் அடிபடாதிருக்கச் சொன்னாய். பங்குனி வரை நாள்தோறும் சொன்னாய். அந்தச் சொல்லின் ஓசை அன்றைய தலைமையாசிரியர்க்குப் பிடித்துப்போய் எல்லா வரிசைகளுக்கும் அதையே வழக்கமாக்கினார். நீ தலைவியானபின் அதைக் காத்தாய். எனக்காகப் பிறந்த சொல் என்பதால்தான் காத்தாய் என்று எனக்குத் தெரியும்.

ஒரு மாலை வாயிலுக்கு ஓடிவந்து அதை என்னிடம் பெருமையாகச் சொன்னாய். "காரி, நீ தெனமும் பள்ளிக்கூடம் வர்றே, தெரியுமா?" என்றாய். ஒரு கை நாவற்பழம் கொடுத்தாய். நானும் சிரித்தேன்.

ஆனால் அதுவரை நான் காத்திருந்தேன் சாத்தி. பள்ளியிலிருந்து யாரேனும் வந்து கேட்டால் என் சிற்றப்பனைக் காவலுக்கு நிறுத்திவிடுகிறேன் என்று என் தாய் சொல்லியிருந்தாள். கேளாமல் நிறுத்தினால் குடிக்குள் பேச்சு வரும். ஆசிரியர் வந்து கேட்டார் என்றால் வாய் அடங்கும். நான் கையில் வேலோடு வடக்குச் சாலையையே பார்த்திருந்தேன். யாரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? நான்தான் நாள்தோறும் வந்துகொண்டிருந்தேனே.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பதினொரு வயதில் எனக்காகப் பொய் சொல்ல இந்த நாட்டில் வேறு யாரும் இருக்கவில்லை. அந்தப் பொய்யை நினைத்துக்கொண்டு எத்தனையோ இரவுக் காவலைக் கடத்தியிருக்கிறேன். சேந்தி கேட்ட கேள்வியைக் கேட்டபின் மறைப்பது சரியில்லை என்று பட்டது. அவ்வளவுதான்.

வில்லவராயர் அமர்ந்துவிட்டார். அவருக்கும் ஏதோ ஓர் ஏழாம் இடம் நினைவுக்கு வந்திருக்கலாம், கேட்கவில்லை.

இனி அரசியின் ஆணை.

முரண்பட்ட கலயங்களின் பொருட்டுத் தலைமையை நீக்கும் விதி, நேற்றோடு அடிக்கப்பட்டது. ஆம்பற்கரைப் பள்ளி மூடப்படாது. சாத்தி நங்கையாரே அதன் தலைவி. இந்த வரியை இன்னொரு முறை வாசித்துக்கொள். இனி எப்பள்ளியிலாயினும் சிவப்பும் வெள்ளையும் முரண்பட்டால், கண்காணி அங்கே மூன்று நாள் தங்கி, மேடையிலும் ஏழாம் இடத்திலும் அமர்ந்து, முரணுக்குக் காரணம் கண்டு எழுத வேண்டும்.

மார்கழி முதல் நாள் முதல் ஆம்பற்கரையில் "எழுவரும் உள்ளோம்" என்ற சொல் நிறுத்தப்படுக. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரால் கூப்பிடப்பட்டுத் தன் வாயால் விடை சொல்க. ஆசிரியர் அறுவரும் முறை வைத்து, நாளுக்கு ஒருவராக, ஏதேனும் ஒரு வரிசையில் ஏழாவது பிள்ளையின் பக்கத்தில் அமர்க. வராத பிள்ளையின் பெயர் அடிக்கப்படலாகாது. இதைப் பிள்ளைகளிடம் முதலில் சொல். அவர்கள் பொய் சொன்னது இந்த அச்சத்தால்தான்.

வெண்கல மணியைத் திருப்பி அனுப்புவதாக நீ எழுதுவாய். வேண்டாம். அரசி அதற்கு வேறு வேலை தந்திருக்கிறார். ஒரு பிள்ளை வராத நாளில் அந்த மணியை அடிக்க வேண்டும். அடித்தவுடன், அந்தப் பிள்ளையின் வரிசையிலிருந்து ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் தேடிக் கிளம்ப வேண்டும். பதினோராண்டாக அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது, இனி உழைக்கட்டும். முதல் வாரம் ஊர் முழுவதும் உன் மணியோசை கேட்கும். வெட்கப்படாதே. பங்குனியில் மீண்டும் கலயம் வைப்பேன். ஐந்தாம் கலயம் அப்போது பேசும்.

முதல் மணி சேந்திக்கு. நீயே போக வேண்டும். மற்றொருவரை அனுப்பாதே. அவர்கள் இப்போது தென்கரையிலிருந்து அரைக்காதம் கிழக்கே இருக்கிறார்கள். வாத்துச் சத்தத்தைக் கேட்டே போய்விடலாம். வாத்துக்குத் துணையாள் இல்லாமல் தந்தை தவிப்பார் என்று கவலைப்படாதே. கால் முறிந்த தம்பி எழுந்து நடக்கும் வரை கோட்டைக் காவலிலிருந்து ஓர் ஆளை அனுப்புகிறேன். அவனுக்கு வாத்து மேய்க்கத் தெரியாது. கற்றுக்கொள்வான். ஒன்பதாம் வரிசைப் பிள்ளைகளையும் உன்னோடு அழைத்துப் போ. அவள் ஓலைகளை அவளிடமே காட்டட்டும். யார் கணக்கு தப்பு என்று அவளே திருத்துவாள்.

இவ்வாணை ஏரியும் கரையும் உள்ளவரை நிற்க. இதைக் காப்பவர் கால்தூசு எம் தலைமேல். இதை மறைப்பவர் பெயரைக் கூப்பிட ஒருவரும் இல்லாதொழிக.

நாவற்கிளை முத்திரை இட்டு, அரசியின் திருவாய்மொழிப்படி, கண்காணிநாயகம் பூதன் காரி தன் கையால் எழுதியது. கரணத்தான் எழுதவில்லை, ஆகவே எழுத்துக் கோணியிருக்கும்.

முத்திரைக்குக் கீழே ஒரு வரி. இதை அவையேட்டில் படியெடுக்க வேண்டாம்.

மார்கழி முதல் நாள் காலை நான் படகில் வருகிறேன். நான்காம் வரிசையின் கடைசியில் அமர்வேன். முழங்கால் மடங்காது, பொறுத்துக்கொள். எல்லாப் பெயரும் கூப்பிட்டு முடித்தபின் என் பெயரை ஒரு முறை கூப்பிடு. நீ விடை சொல்லாதே. நான் சொல்லிக்கொள்கிறேன்.